வில் நழுவும் வேளையில்...

மார்கழி பிறந்துவிட்டால், எங்கள் தெருவில் என் சித்தியை மிஞ்ச ஆள் கிடையாது. வாசல் அடைத்துக் கோலம், நடுவில் பூசணிப்பூ, உள்ளே திருப்பாவை!

ஒரு வருஷம் அந்த வாசல் வெறுமையாகக் கிடந்தது. சித்தி படுக்கையைவிட்டு எழவில்லை. தூக்கம் போயிற்று, சாப்பாடு பிடிக்கவில்லை, பூஜை அறைக் கதவைத் திறக்கக்கூட மனசு இல்லை. 'உனக்கென்ன குறை? பக்தி குறைஞ்சு போச்சு, அதான்!' என்றார்கள் வீட்டில். சித்தியும் அதை நம்பிவிட்டார். 'பெருமாள் என்னைக் கைவிட்டுட்டார்டீ...' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பெருமாள் கைவிடவில்லை, சகோதரிகளே! அது ஒரு நோய். மனச்சோர்வு என்று அதற்குப் பெயர்.

இது ஒரு வீட்டுக் கதையும் அல்ல. 2017-ல் நம் தேசத்தில் மனநோயால் அவதிப்பட்டவர்கள் சுமார் 19.7 கோடி பேர். அதாவது, ஏழு பேரில் ஒருவர். அவர்களில் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் மட்டும் சுமார் 4.57 கோடி! மரணத்தை மட்டும் எண்ணாமல், நோயோடு கழியும் நாட்களையும் கூட்டித்தான் ஒரு நாட்டின் நோய்ச்சுமையைக் கணக்கிடுகிறார்கள். அந்தச் சுமையில் மனநோய்களின் பங்கு 1990-ல் 2.5 சதவிகிதம், 2017-ல் 4.7 சதவிகிதம். அதிலும் மூன்றில் ஒரு பங்கு மனச்சோர்வால் வருவது. ஆண்களைவிடப் பெண்களிடமும், முதியவர்களிடமும், தமிழ்நாடு, கேரளா போன்ற தென் மாநிலங்களிலும் இது அதிகம்.

இன்னொரு கணக்குதான் நெஞ்சைப் பிசைகிறது. 2015-16ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ள 100 பேரில் சுமார் 85 பேர் சிகிச்சையே பெறவில்லை. காரணங்களில் ஒன்று, 'வெளியே சொன்னால் என்ன நினைப்பார்களோ' என்ற கூச்சம்!

கண்ணன் செய்தது என்ன?

பகவத்கீதையின் முதல் அத்தியாயத்துக்கு என்ன பெயர் தெரியுமா? அர்ஜுன விஷாத யோகம். விஷாதம் என்றால் துயரம், சோர்வு. உடல் நடுங்கியது, வாய் உலர்ந்தது, காண்டீபம் கையிலிருந்து நழுவியது. அவன் கோழையா? வில்லுக்கு விஜயன் அல்லவா!

அவன் செய்த நல்ல காரியம், தன் தவிப்பை மறைக்காமல் வாய்விட்டுச் சொன்னதுதான். கண்ணனும் முதலில் அதட்டத்தான் செய்தான். அதட்டலுக்கு அர்ஜுனன் எழவில்லை. அதன்பிறகுதான் பகவான் பொறுமையாகப் பேசத் தொடங்கினான். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். அந்தப் பேச்சு, 18-வது அத்தியாயம் வரை நீண்டது! சோர்ந்தவரை 'எழுந்திரு' என்று அதட்டினால் போதாது. கூடவே இருக்க வேண்டும்.

தீர்த்தமும் மருந்தும்

திருச்சிக்கு அருகே, காவிரியின் வடகரையில் இருக்கிறது குணசீலம். மனநலம் வேண்டி வருவோர் 48 நாட்கள் தங்கி, பிரசன்ன வேங்கடாசலபதியை வழிபடுவது இங்கு வழக்கம். உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிக்கிறார்கள். அதே தலத்தில், அரசு அங்கீகாரம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. மனநல மருத்துவரின் சிகிச்சையும் உண்டு. பெருமாள் சந்நிதியிலேயே மருந்துக்கும் இடம் இருக்கிறது என்றால், நம் வீட்டில் மட்டும் ஏன் கூடாது?

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடந்தால், எதிலும் நாட்டம் இல்லையென்றால், டாக்டரிடம் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம். அப்போதே அருகில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

விளக்கேற்ற முடியவில்லையே என்று குற்ற உணர்வு வேண்டாம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தை கும்பிடவில்லை என்று எந்தத் தாய் கோபிப்பாள்?

சித்தியை டாக்டரிடம் அழைத்துப் போனோம். மாத்திரை, பேச்சு, கூடவே துணை... மாதங்கள் ஆயின. அடுத்த மார்கழியில் அந்த வாசலில் ஒரு சின்னக் கோலம், நாலே புள்ளி. அன்று எனக்கு அதுதான் வைகுண்ட வாசல்!