இருவினையொப்பில் ஒப்பாவது யாது?

ஆன்மா வீடுபேற்றை அணுகும் முறையைச் சித்தாந்த சாத்திரங்கள் இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்னும் மூன்று சொற்களால் விளக்கும். இவற்றுள் முதற்கணின்ற இருவினையொப்பைப் பிறழ உணரின் ஏனைய இரண்டும் பிறழும். அங்ஙனம் பிறழ உணர்தற்கு இக்காலத்து ஓர் ஏது உளது. அச்சொல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டு, அப்பெயர்ப்பின் வழியே மீண்டும் தமிழர் உள்ளத்திற் புகுதலே அது. 1854இல் ஹொய்சிங்டன் பாதிரியார் சிவஞானபோதத்தை ஆங்கிலப்படுத்தினார். 1895இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் அந்நூலை விளக்கத்தோடு ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். 1897இல் 'சித்தாந்த தீபிகை' தோன்றிற்று. இம்முயற்சிகளாற் சைவத்தின் பெருமை கடல்கடந்து பரவிற்று. ஆயினும், ஒப்பு என்பதற்கு ஆங்கிலத்தில் நேரான தனிச்சொல் இன்மையும், உள்ள சொற்கள் ஒவ்வொன்றும் பலபொருள் பயத்தலும் மயக்கத்திற்கு இடமாயின.

'ஈவன்' என்னும் சொல்லை நோக்குக. மேடுபள்ளமில்லா நிலத்திற்கும் அதுவே பெயர். இரண்டால் மிச்சமின்றி வகுபடும் எண்ணிற்கும் அதுவே பெயர். கொடுக்கல் வாங்கல் தீர்ந்து ஒருவர்க்கொருவர் கடன்படாத நிலைக்கும் அதுவே பெயர். கலங்காத மனத்தையும் அச்சொல்லாற் சுட்டுவர். பழிக்குப் பழி வாங்கித் தீர்த்தலையும் அச்சொல்லாற் சுட்டுவர். ஒருவனது மன அமைதியும் அவனது வஞ்சினமும் ஒரு சொல்லில் அடங்குவது வியப்பன்றோ? 'ஈக்வல்', 'ஈக்விட்டி' என்பனவோ மட்டமானது, நேரியது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தவை. முன்னையது அளவால் ஒத்தலை உணர்த்தும். பின்னையது, எல்லார்க்கும் ஒன்றாக வகுத்த சட்டம் ஒருவர்க்குக் கொடுமையாய் முடியுமிடத்து, அக்கொடுமையை நீக்குதற்கு இங்கிலாந்தின் சான்சரி மன்றத்தார் மனச்சான்றின் வழிநின்று வழங்கிய நீதியை உணர்த்தும். எனவே, ஓரடியிற் பிறந்த இரு சொற்களுள் ஒன்று அளவையும், மற்றொன்று அவ்வளவின் குறையை நிரப்புவதையும் குறித்தன. அவ்வடியே எதிர்மறை பெற்று 'இனிக்விட்டி' என நின்று பாவத்தையே குறிப்பதாயிற்று.

வடமொழியிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. விஷமம் என்பது மேடுபள்ளம், ஒவ்வாமை எனப் பொருள்படுவது. தமிழ் வழக்கிற் குறும்பு, தீச்செயல் என்னும் பொருளில் நின்றது. முதற்பொருள் பற்றியே, முக்கண்ணுடைய பெருமானுக்கு ஒற்றைப்பட்ட கண்களையுடையான் என விஷமாட்சன் என்னும் திருநாமமும் வழங்குவதாயிற்று. ஒற்றைப்படை எண்ணைக் குறிக்கும் 'ஆட்' என்னும் ஆங்கிலச்சொல் விசித்திரமானது, ஒட்டாதது என்னும் பொருளையும் தரும். தமிழரோ மங்கல வினைகளில் மொய் எழுதுங்கால் நூற்றோடு ஒன்று கூட்டி 101 என்றே எழுதுவர். ஒற்றைப்படை அவர்க்கு வளர்ச்சியின் குறி. ஆகவே எண்ணின்கண் ஒவ்வாமை வேறு, நெறியின்கண் ஒவ்வாமை வேறு என்பது பெறப்படும்.

இவ்வேறுபாட்டை உளங்கொண்டு இருவினையொப்பை நோக்குதல் வேண்டும். நல்வினையும் தீவினையும் தொகையால் ஒத்து, தராசின் இரு தட்டும் நேர்நிற்றலே இருவினையொப்பு என்பார் ஒருசாரார். வலிய இருவினைகள் ஒருங்கே பயன்தர முந்தி ஒன்றையொன்று தடுத்து நிற்றல் என்னும் கொள்கையும் வடமொழி ஆகம உரைகளில் ஆராயப்பட்டது. மாபாடியம் அருளிய சிவஞான முனிவரோ ஒப்பினை வினையின்கண் வையாது, வினையை நுகரும் ஆன்மாவின் அறிவின்கண் வைத்தார். நல்வினைப்பயனில் விருப்பும் தீவினைப்பயனில் வெறுப்பும் இன்றி, இரண்டும் பிறவிக்கு வித்தாதலின் இரண்டன்மேலும் ஒரு பெற்றியே உவர்ப்புத் தோன்றுதல் இருவினையொப்பு என்பது அவர் கொள்கையின் சாரம். பொன்விலங்கும் இரும்புவிலங்கும் எடையால் ஒத்தல் வேண்டா. இரண்டும் விலங்கே எனக் கட்டுண்டான் உணர்தலே வேண்டும்.

தமிழ்ச்சொல்லின் இயல்பும் இப்பொருளுக்கே துணைசெய்கின்றது. நிகர், இணை, மட்டம், நடுவு எனப் பல சொற்கள் தமிழில் இருப்பவும், ஆன்றோர் ஒப்பு என்னும் சொல்லையே தெரிந்தெடுத்தனர். ஒப்பு என்பது போலுதலை மட்டும் உணர்த்துவதன்று, உடன்படுதலையும் உணர்த்தும். ஒப்புக்கொள்ளுதல், ஒப்படைத்தல் என்னும் வழக்குகளை நோக்குக. வந்த வினைப்பயனை ஒப்பி ஏற்று, தன் செயலெல்லாம் இறைவன்பால் ஒப்படைக்கும் நிலைக்கு இதனினும் பொருந்திய சொல் அரிது.

சிவஞான முனிவர்தம் மாணாக்கராகிய கச்சியப்ப முனிவர் பாடிய புராணத்தைப் பெற்ற தலம் திருத்தணிகை. அத்தணிகை வட்டாரத்தைச் சார்ந்த பொதட்டூர்பேட்டை நெசவாளர் மிக்க ஊர். தறியின் தொழிலை உற்று நோக்குவார்க்கு மேற்கூறிய நுட்பம் எளிதில் விளங்கும். பாவு நீளவாட்டில் இறுகி நிற்கும்; ஊடை நாடாவினின்று குறுக்கே ஓடும். பாவு நூலின் எண்ணும் ஊடை நூலின் எண்ணும் ஒத்திருத்தல் வேண்டுமென்னும் விதியில்லை. ஓர் அங்குலத்திற்குரிய இழைகளின் தொகையும் இரண்டிற்கும் வேறுபடலாம். எனினும் ஒவ்வோர் இழையும் ஒரே இறுக்கத்தில் நின்று, அச்சு ஒரே விசையில் வந்து அடிக்குமாயின், ஆடை சுருக்கமும் தளர்ச்சியுமின்றி அமையும். இழைகளின் தொகை ஒத்திருந்தும் இறுக்கம் மாறுபடின் ஆடை கெடும். வெள்ளிழை வரினும் கருவிழை வரினும் நெய்வானது கை ஒருபெற்றியே இயங்கும். இன்பமும் துன்பமுமாகிய இழைகள் தொகையால் ஒவ்வாமல் வரினும், ஏற்கும் உள்ளம் ஒருபெற்றியே நிற்பதுதான் ஒப்பு.

இஃது ஏட்டளவில் நிற்கும் சொல்லாராய்ச்சி அன்று, ஒழுக்கத்தைப் பற்றியது. தொகையே ஒப்பு எனக் கொள்வான் ஒருவன், நெய்தவனுக்குரிய கூலியைக் குறைத்துக் கொடுத்து, அதனால் மிஞ்சிய பொருளிற் சிறுபகுதியைத் திருவிழாவிற்குச் செலவிட்டு, கணக்கு நேர்நின்றது என மகிழ்வான். ஆங்கிலத்து 'ஈவன்' அவனுக்கு ஏற்ற சொல். சித்தாந்தமோ அதற்கு இடங்கொடாது. நல்வினை தீவினையைத் தின்று தீர்ப்பதில்லை. இரண்டும் தத்தம் பயனைத் தனித்தனியே தரும். வேம்பின் வித்தருகே கரும்பை நட்டமையால் வேம்பு இனியதாகாது. நூல்கள் விதித்த பிராயச்சித்தம் உண்டெனினும், அது செய்த குற்றத்திற்கு இரங்கி அதனின் நீங்குவார்க்கு உரியது. குற்றத்தை விடாது செய்துகொண்டே அதற்கு விலை கொடுக்கும் வாணிகம் அன்று.

இனி, மற்றொருவன் வேறொரு வழியிற் பிழைபடுவான். "கூலி குறைந்தது அவன் வினை, யான் இன்ப துன்பங்களை ஒப்ப நோக்குகின்றேன்" என்பான். இவன் தன் துன்பத்தின்மேற் கொள்ளவேண்டிய ஒப்பைப் பிறர் துன்பத்தின்மேற் கொண்டான். தன்னிடத்து வரும் வினைப்பயனை ஒப்ப ஏற்றல் ஞானம். பிறர் படும் துயரை ஒப்ப நோக்கி வாளாவிருத்தல் வன்கண்மை. பிறரிடத்துச் செலுத்தற்குரியது ஒப்புரவு. திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தகாலை, அடியாரை ஊட்டுதற்பொருட்டுத் திருநாவுக்கரசருக்கும் திருஞானசம்பந்தருக்கும் பெருமான் நாடோறும் ஒவ்வொரு காசு வைத்தருளினார். உழவாரங் கொண்டு கைத்தொண்டு செய்த அரசரது காசு வட்டமின்றிச் செல்ல, பிள்ளையாரது காசு வாசி பெற்றது. தொகையால் இரண்டும் ஒவ்வொரு காசே, மதிப்பால் ஒவ்வாதனவாயின. மெய்வருத்தத்தின் கூலியை இறைவனே குறைத்தளந்திலன் என்பது அவ்வரலாறு காட்டும் நீதி.

அங்ஙனமாயின் உலகில் ஒருவன் கண்ணுடையனாகவும் ஒருவன் குருடனாகவும் பிறத்தல் இறைவனது பக்கபாதமன்றோ என வினவுவார் உளர். வைஷம்மியம் என்னும் இக்குற்றச்சாட்டைப் பிரமசூத்திரமும் எடுத்து மறுத்தது. இறைவன் அவரவர் வினைக்கேற்பவே கூட்டுவிக்கின்றான் என்பதே விடை. இதற்குச் சான்றாவது தம்பிரான் தோழர் வரலாறு. சங்கிலியார்க்கு உரைத்த சூளுறவு பிழைத்தமையால் சுந்தரமூர்த்திகள் ஒற்றியூர் எல்லையைக் கடந்தவுடன் கண்ணொளி இழந்தார். தோழராயினும் சூள் பிழைத்தார் சூள் பிழைத்தாரே. சட்டம் அவர்பொருட்டு நெகிழவில்லை. ஆயினும் வழிநடக்கும் அவருக்குத் திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. அத்தலத்துப் பழங்கோயில் பின்னாளிற் பூண்டி நீர்த்தேக்கத்துள் அமிழ, கோயில் வேறிடத்தில் எழுப்பப்பட்டது. பின்னர்க் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பெற்றார். தண்டனையில் ஈக்வலும் ஊன்றுகோலில் ஈக்விட்டியும் காணலாம். இரண்டையும் ஒருங்கு தழுவிய சொல் அருள் என்பதே. ஒற்றைப்பட்ட கண்ணினன் ஒருவனே ஒருபாற் கோடாமல் நோக்குகின்றான்.

ஆதலின், இருவினையொப்பைத் தராசின் ஒப்பாகக் கொள்ளாது, உள்ளத்தின் ஒப்பாகவே சைவர் கொள்ளுதல் வேண்டும். தமக்கு வருவதை ஒப்பி ஏற்று, பிறர்க்குரியதைக் குறையாமல் அளந்து, இரண்டையும் திருவருளிடத்து ஒப்படைத்து நிற்பார்க்கு மலம் பரிபாகமெய்தும், சத்தி பதியும்.

சிவம்.