ஒரு விமானியின் மரணமும் தீவகத்தின் நினைவும்

மரித்தோரை நினைத்தல் மனித தர்மங்களுள் மிகப் பழையது. சுற்றத்தாரும் ஊரவரும் இறக்கும்போது கண் தானே நீர் சொரிகின்றது. அதற்கு எவரும் உபதேசம் செய்யவேண்டியதில்லை. ஆனால் ஒருகாலத்தில் நமக்குப் பெருந்துயர் விளைத்த படையொன்றின் சீருடையை அணிந்த ஒருவர், பிறர் உயிரைக் காக்கப் போன இடத்தில் தம் உயிரை விட்டார் என்று கேட்கும்போது நம்முடைய சித்தம் எவ்வழியிற் செல்லவேண்டும்? வினையையும் வினைப்பயனையும் நம்பும் சமயத்தார் எவரும் தட்டிக்கழிக்க முடியாத கேள்வி இது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையை ஊடறுத்துச் சென்றபோது, மலைநாட்டிற் குன்றுகள் சரிந்தன. சமநிலங்களில் ஆறுகள் கரைகடந்தன. அறுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. நவம்பர் 30ஆம் திகதி, புத்தளம் மாவட்டத்து லுணுவிலப் பகுதியில் நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த விமானப்படையின் பெல் 212 ரக உலங்குவானூர்தியொன்று ஆற்றில் வீழ்ந்தது. அதிலிருந்த ஐவருள் நால்வர் உயிர் தப்பினர். விமானியாகிய விங் கமாண்டர் நிர்மால் சியம்பலாபிட்டிய மாரவில வைத்தியசாலையில் உயிர் நீத்தார். மரணத்தின் பின் அவருக்குக் குரூப் கெப்டன் பதவி வழங்கப்பட்டது. அதே நாட்களில் நமது வடபுலத்துச் சுண்டிக்குளத்தில், வெள்ளம் வடிவதற்காகக் களப்பின் முகத்துவாரத்தை அகலமாக்கச் சென்ற கடற்படையினர் ஐவரும் நீருக்கு இரையாயினர்.

உலங்குவானூர்தியின் சிறப்பும் அதன் அபாயமும் ஒன்றே. ஓடுபாதை வேண்டாது, அந்தரத்தில் நிலைத்து நின்று, வேறெந்த ஊர்தியும் நெருங்க முடியாத இடத்தில் இறங்கவல்லது அது. ஆனால் அவ்வாறு நிலத்தை அணுகும் வேளையில், உயரமும் வேகமும் அற்ற அந்நிலையில், ஏதேனும் பிழை நேர்ந்தால் அதனைத் திருத்திக்கொள்ள விமானிக்குக் கிடைப்பவை சில வினாடிகளே. இதனை அறியாத விமானி உலகில் இல்லை. அறிந்தும், தென்னைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே வெள்ளத்தின் மீது தாழ்ந்து பறக்கத் துணிவதே அப்பணியின் தியாகம்.

நமது யாழ்ப்பாணத் தீவகத்தில் அந்த இயந்திரத்தின் ஓசைக்கு இரண்டு நினைவுகள் உண்டு. "ஹெலி சுத்துது" என்ற குரல் கேட்டமாத்திரத்தில் பிள்ளைகளை வாரியெடுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடிய தலைமுறை இன்னும் உயிரோடிருக்கின்றது. அதே யுத்தகாலத்தில், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் 1985 மே 15ஆம் திகதி நிரபராதிகளான பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதையும், 1990இல் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் இளைஞர் பலர் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாமற் போனதையும் மறந்துவிடு என்று எவரும் நமக்குச் சொல்ல உரிமையில்லை. மற்றைய நினைவு பிற்காலத்தது. கடல் கொந்தளித்துக் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்குமிடையே படகுகள் நின்றுபோன வேளையில், உயிருக்குப் போராடும் நோயாளியை ஏற்றிச்செல்ல விமானப்படையின் உலங்குவானூர்தி வந்திறங்கியதும் நெடுந்தீவார் கண்டதே. ஒரே ஓசை, ஒருவருக்கு அது யமனின் வரவு, இன்னொருவருக்கு வைத்தியனின் வரவு, சில வேளைகளில் இரண்டையும் கேட்டவர் ஒரே ஆள்.

இவ்விடத்தில் எளிய விடைகள் இரண்டு நம்மை நோக்கி வருகின்றன. பழையவற்றை மறந்து நன்றி பாராட்டுக என்பது ஒன்று. அவர் அந்தப் படையைச் சேர்ந்தவர், அவருடைய மரணம் நமக்குரிய துயரமாகாது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே பிழையிற் பிறந்தவை. ஒரு வினை இன்னொரு வினையை அழித்துவிடும் என்று இரண்டுமே கொள்கின்றன. சைவ சித்தாந்தம் அவ்வாறு கொள்வதில்லை. நல்வினையும் தீவினையும் தத்தம் பயனைத் தனித்தனியே தந்தே தீரும். கடன்பற்றை வரவிற் கழிக்கும் வணிகக் கணக்குப்போல, செய்த புண்ணியத்தைச் செய்த பாவத்திலிருந்து கழித்து மிச்சத்தை மாத்திரம் அநுபவிக்கும் முறை அங்கே இல்லை. அன்றியும் வினை என்பது ஆன்மாவைப் பற்றுவது. சீருடைக்கு ஆன்மா இல்லை. அதை அணிந்தவருக்கே உண்டு. ஒரு படையின் பொறுப்பு நீதியின் முன்னும் சரித்திரத்தின் முன்னும் விசாரிக்கப்படவேண்டியது. ஒரு தனிமனிதரின் தியாகத்தால் அதனைக் கழுவிவிடல் இயலாது. அவ்வண்ணமே, படையின் குற்றத்தைக் கொண்டு அம்மனிதரின் தியாகத்தை மூடிவிடலும் இயலாது.

செய்ந்நன்றியறிதலைப் பாடிய வள்ளுவர், கொல்வது போன்ற தீங்கு செய்தவரிடத்தும் அவர் முன்பு செய்த நன்மை ஒன்றை எண்ணும்படி கூறுகிறார். அது மிக உயர்ந்த பயிற்சி. ஆயினும் அது தன்னைத் தானே பண்படுத்திக்கொள்ள விரும்பும் நெஞ்சுக்குச் சொல்லப்பட்டது. காணாமற்போன மகனுக்காக வாசலிற் காத்திருக்கும் தாயிடம் போய், நீயும் இவ்வாறு எண்ணு என்று பிறர் விதிக்கும் கட்டளையாக அதை மாற்றுவோமாயின், அறநூலைக் கொண்டே அறத்தைக் காயப்படுத்தியவராவோம்.

நமது தீவகத்து நயினாதீவின் ஐதீகம் பகையையும் நினைவையும் பற்றி நமக்கு ஒரு போதனை வைத்திருக்கின்றது. புளியந்தீவிலிருந்து நாகபூஷணி அம்மனுக்குப் பூக் கொண்டு கடலில் நீந்திவந்த நாகத்தைக் கருடன் கொல்ல முயன்றதென்றும், நாகம் கல்லொன்றைச் சுற்றிக்கொண்டு உயிர் பிழைத்ததென்றும், அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகனொருவன் இரங்கி நாகத்துக்காக மன்றாடினான் என்றும், அம்மனுக்கு ஆலயம் அமைப்பதாக அவன் வாக்களித்த பின்னரே கருடன் விலகிச் சென்றதென்றும் சொல்லுவர். ஆகாயத்தின் வலிமையும் நீரிற் செல்லும் எளிய பக்தியும் எதிரெதிரே நின்ற அவ்விடத்தில், சமாதானம் இலேசாகக் கிடைக்கவில்லை. இடையே ஒருவன் நிற்கவேண்டியிருந்தது, நிலைத்த தருமம் ஒன்றைச் செய்வதாக ஒப்பவேண்டியிருந்தது. பாம்பு சுற்றிய கல்லென்றும் கருடன் கல்லென்றும் அக்கற்கள் இரண்டும் இன்றுவரை கடலில் வெவ்வேறாகவே காட்டப்படுகின்றன. பகை நீங்கியதற்காக, நடந்த கதையை அம்மக்கள் அழித்துவிடவில்லை. அதைச் சொல்லிக்கொண்டே அம்மனை வணங்குகின்றனர்.

அறிஞர் பலர் இத்தீவே மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் என்பர். தெய்வத்தால் வான்வழியே அங்குக் கொண்டுவரப்பட்ட மணிமேகலை, அந்தரத்திற் செல்லும் மந்திரத்தையும் அங்கேயே பெற்றாள். ஆனால் அச்சித்தியால் மாத்திரம் அவள் பெருமையடையவில்லை. உண்பாரின்மையால் ஆபுத்திரன் என்பான் அத்தீவின் கோமுகிப் பொய்கையில் விட்டுச்சென்ற அமுதசுரபி என்னும் அள்ளக் குறையாத உணவுப் பாத்திரம் அவள் கைக்கு வந்த பின்னரே, வானிற் செல்லும் ஆற்றல் பசித்தோரிடம் செல்லும் வழியாயிற்று. பின்னர் அவள் புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குவித்தாள். அடைத்து வருத்துவதற்கென்று எழுப்பிய கட்டடம் உணவு தரும் இடமாக மாறிற்று. முன்பு அது சிறையாயிருந்தது என்பதைக் காப்பியம் மறைக்கவுமில்லை. யுத்தத்திற் பயன்பட்ட வகை ஊர்தியொன்று வெள்ளத்தில் அகப்பட்டோரைத் தேடிப் பறந்ததை இந்த அளவுகோல் கொண்டே நான் மதிக்கிறேன். கருவிக்குப் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. அதை எந்த நோக்கத்தோடு எவரிடம் கொண்டுசெல்கிறோம் என்பதில், அதைச் செலுத்தும் கையும் ஏவும் மனமும் தத்தம் வினையைத் தேடிக்கொள்கின்றன.

ஆதலின் அந்த விமானியை நாம் எவ்வாறு நினைவுகூரலாம்? குறிகட்டுவானில் ஒரே படகேறி நயினாதீவு நாகவிகாரைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகரும் அம்மன் கோயிலுக்குச் செல்லும் நம்மவரும், இறந்தோர் பொருட்டுச் செய்யும் கருமத்தில் ஒன்றுபடுகின்றனர்: அவர்கள் பிக்குகளுக்குத் தானம் அளித்து அப்புண்ணியத்தை மரித்தவருக்கு உரியதாக்குகின்றனர், நாம் அந்தியேட்டியிலும் ஆண்டுத் திதியிலும் அன்னம் இடுகின்றோம். பசித்தவனுக்கு உணவிடுதலே மரித்தவனுக்குச் செய்யும் மரியாதை என்பதில் இரு சமயங்களுக்கும் பேதமில்லை. நவம்பர் 30ஆம் நாளில் அவர் பொருட்டும் சுண்டிக்குளத்து ஐவர் பொருட்டும், மே 15ஆம் நாளில் குமுதினியில் மாண்டோர் பொருட்டும் ஒரே அடுப்பிற் சோறு சமைத்து ஒரே பந்தியிற் பரிமாற மனமுள்ளவர்கள் அவ்வாறு செய்வார்களாக. அதற்கு இன்னும் மனம் ஒப்பாதவர்களை எவரும் இகழாதிருப்பாராக. ஒரு நாளின் துக்கம் மற்ற நாளின் துக்கத்துக்கு விலையாகக் கேட்கப்படாத இடத்திலேதான், அந்நியரின் தியாகத்தை வணங்கவும் நம்மவரின் மரணத்துக்கு நீதி கேட்கவும் ஒரே மனிதனுக்கு வலிமை உண்டாகின்றது. அவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் கடமை நமக்கு உண்டென்றே நான் நம்புகிறேன்.