அதே மணம்தானா?

பாரிஸில் 1921இல் வெளிவந்த ‘ஷனேல் நம்பர் 5’ வாசனைத் திரவியத்தை ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேலுக்காக உருவாக்கியவர் மாஸ்கோவில் பிறந்த ஏர்னஸ்ட் போ. மல்லிகை, ரோஜா, இலாங்-இலாங் பூக்களின் மணத்தோடு ஆல்டிஹைடு எனப்படும் வேதிப்பொருள்களை அதுவரை யாரும் துணியாத அளவில் கலந்தார். 95 ஆண்டுகள் கழித்து, 2016இல், ஷனேல் நிறுவனத்தின் வாசனைக் கலைஞர் ஆலிவியே போல்ஜ் அதையே அடியொற்றி ‘நம்பர் 5 லோ’வைக் கொண்டுவந்தார். பூக்கள் அவையேதான். முகப்பில் எலுமிச்சை, ஆரஞ்சின் புத்துணர்ச்சி. கனம் குறைந்து, இந்தக் காலத்து இளம்பெண்களுக்கு ஏற்ற மெல்லிய மணம்.

புதியது தன்னைப் புதியது என்றே சொல்லிக்கொள்கிறது. சிக்கல் பழைய பெயரிலேயே விற்கும் புட்டியில்தான். முதல் கலவையில் இருந்த நைட்ரோ மஸ்க் வகைகள் பாதுகாப்புக் காரணங்களால் பின்னாளில் கட்டுப்படுத்தப்பட்டன. இயற்கைப் புனுகும் 1990களின் இறுதியில் கைவிடப்பட்டது. மல்லிகைகூட ஆண்டுக்கு ஆண்டு ஒரேபோல மணப்பதில்லை. மழையும் வெயிலும் பறிக்கும் நேரமும் அதை மாற்றிவிடும். பிரான்சின் கிராஸ் வயல்களில் பூப்பதும் தமிழகத்தின் ஜாதிமல்லியும் ஒரே தாவர இனம், ஆனாலும் இரண்டின் சாரமும் ஒன்றல்ல. மணம் மண்ணின் தனிக்குணம் என்று இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றான வைசேடிகத்தினர் சொன்னதை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது.

உட்பொருள் ஒவ்வொன்றாக மாறிய பின்னும் அது அதே மணம்தானா?

இதே போன்ற கேள்வியை மிலிந்த அரசனிடம் விளக்கை வைத்து எழுப்பினார் பௌத்தத் துறவி நாகசேனர் என்கிறது ‘மிலிந்த பஞ்ஹா’ என்ற பாலி நூல். முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடை யாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா? ஒன்றல்ல. அப்படியானால் வேறு வேறா? அதுவும் இல்லை, ஒரே விளக்கைப் பற்றித்தான் இரவு முழுவதும் எரிந்தது. ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடரும் ஓட்டம் மட்டுமே உண்டு. அடியில் மாறாத பொருள் எதுவும் இல்லை. நம்பர் 5க்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது. பழையதை அப்படியே காக்கும் முயற்சியும் உண்டு. வெர்சாயில் 1990இல் தொடங்கப்பட்ட ஆஸ்மோதெக் காப்பகம், பழைய வாசனைகளை ஆர்கன் வாயுவின் காப்பில், 12 டிகிரி குளிரில் பாதுகாக்கிறது. மறைந்துபோனவற்றை மூலக் குறிப்பின்படி மீண்டும் கலந்தும் வைக்கிறது. அருமையான பணி அது. ஆனால் அங்கேயும் நூறாண்டுக்கு முந்தைய பூவைப் பறித்துவர வழியில்லை.

மாறாத பொருள் எதுவும் இல்லை என்பதை நியாய தரிசனத்தைச் சேர்ந்த தத்துவவாதிகள் ஒப்புக்கொள்ளவில்லை. முன்பு நுகர்ந்தவர் ஒருவர், இப்போது நினைவுகூர்பவர் இன்னொருவர் என்றால் நினைவு எப்படிச் சாத்தியம் என்று கேட்டார்கள். வெட்டிய முடி வளர்ந்த பிறகும் ‘அதே முடி’ என்கிறோமே, ஒப்புமையே அடையாளமாகத் தோன்றிவிடுகிறது என்றது பௌத்தம். முடியில் ஏமாறலாம், ஏமாறுவதற்கும் பழையதைக் கண்ட அதே ஆள் வேண்டாமா என்பது நியாயத்தின் வாதம்.

புட்டியைப் பொறுத்தவரை நாகசேனர் சொல்வதே சரி. தாயின் சேலையில் நுகர்ந்த மணத்தை முப்பது ஆண்டு கழித்து ஒரு கடையில் சட்டென்று அடையாளம் காணும் பெண்ணின் விஷயத்தில் அவருடைய விளக்கம் அத்தனை எளிதாகப் போதவில்லை. கலவை மாறியிருக்கிறது, மூக்கின் உணர்நரம்புச் செல்களும் பலமுறை புதிதாக முளைத்திருக்கின்றன; ஆனாலும் ‘இது அம்மாவுடையது’ என்று அவள் சொல்கிறாள். ‘ஆனால் கொஞ்சம் மாறியிருக்கிறது’ என்றும் சேர்த்துச் சொல்கிறாள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது யார் என்பதற்குத்தான் பௌத்தம் இன்னும் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.