அடங்காத முடி

உங்கள் வீட்டில் யாருக்காவது சுருட்டை முடி இருக்கிறதா? இருந்தால், அதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். குருவிக்கூடு, நூடுல்ஸ், தேங்காய் நார், ஸ்பிரிங்... இதெல்லாம் கேலி, போகட்டும். ‘அடங்காத முடி’ என்று ஒன்று சொல்வோமே, அது கேலி இல்லை. குற்றச்சாட்டு. முடி யாருக்கு அடங்க வேண்டும்?

இந்தக் கேள்வி எனக்குத் தாமதமாகத்தான் தோன்றியது.

என் மகளுக்கு அப்போது 12 வயது. எண்ணெய் வைத்துப் படிய வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டினால்தான் பள்ளிக்கூடத்தில் விடுவார்கள். என் மனைவி அதிகாலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவாள் என்பதால், தலை வாரிவிடுகிற டூட்டி எனக்கு. சின்னப் பல் சீப்பைக் காய்ந்த தலையில், உச்சியில் வைத்து இழுப்பேன். பாதியில் சிக்கும். இன்னும் பலமாக இழுப்பேன். அவள் ‘ஆ’ என்பாள். நான் ‘ஆடாதே’ என்பேன். ஒருநாள் சீப்பின் இரண்டு பற்கள் உடைந்து முடிக்குள்ளேயே நின்றுவிட்டன. வாசலில் வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார்.

“ஏம்ப்பா, என் முடி கெட்ட முடியா?”

“ஆமா. உன்னை மாதிரியேதான். சொன்ன பேச்சு கேக்காது.”

சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். சொன்னவனுக்கு மறக்கிற வசதி உண்டு.

கல்லூரிக் கடைசி வருஷம், வேலைக்கான நேர்முகத் தேர்வு வந்தது. ‘தலை நீட்டா இருக்கணும்’ என்று யாரோ சொல்ல, ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொள்ளக் கிளம்பினாள். என்னமோ மருந்தைத் தடவி, சூடான இரும்பால் தேய்த்து, நாலு மணி நேரம். புகையில் கண் எரிந்ததாம். வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து எல்லோரும் அசந்துபோனோம். ‘இப்பத்தான் லட்சணமா இருக்கே’ என்றாள் பாட்டி. நானும் என் பங்குக்கு ஏதோ சொன்னேன்.

சில மாதங்களில் வேரிலிருந்து புது முடி வந்தது. பழையபடி சுருட்டையாக! வெளியே வந்துவிட்ட முடியைத்தான் மருந்து நேராக்கும். உள்ளே முளைக்கும் இடத்தில் அதன் ஜம்பம் பலிக்காது. மறுபடி பணம் தருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்றாள்.

“அன்னிக்கு எல்லாரும் அப்படிப் பாராட்டினீங்க இல்லையா, அப்பத்தான்ப்பா தெரிஞ்சுது... இத்தனை வருஷமா என்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டிருந்தீங்கன்னு.”

பாராட்டு இப்படியும் குத்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படியா என்று பார்த்தால், உலகமே இந்த முடியோடு மல்லுக்கு நின்றிருக்கிறது. 2016-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒரு பள்ளி மாணவிகள், தங்கள் இயற்கையான சுருள்முடியைக் கட்டுப்படுத்தும் விதிகளை எதிர்த்துப் போராடினார்கள். 2019-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், ஒருவரின் முடி இயல்பாக எப்படி இருக்கிறது என்பதைக் காரணம் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ பாரபட்சம் காட்டக் கூடாது என்று தனிச் சட்டமே போட்டது. யோசித்துப் பாருங்கள், தலையில் தானாக முளைப்பதோடு நடமாடுவதற்கு ஒரு சட்டம்!

வேடிக்கையும் உண்டு. கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மன்காரர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு மெஷினைக் காட்டினார். நேரான முடியைச் சுருட்டையாக்குகிற மெஷின். அதற்காகப் பெண்கள் மணிக்கணக்கில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இருப்பவர்களுக்கு வேண்டாம், இல்லாதவர்களுக்கு வேண்டும்!

ஆசைப்பட்டுச் செய்துகொள்வதை நான் குறை சொல்லவில்லை. அது அவரவர் தலை, அவரவர் இஷ்டம். ஆனால், விலையையும் தெரிந்துகொள்ளுங்கள். சில ஸ்ட்ரெய்ட்டனிங் மருந்துகள் சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வெளிவரும். 2022-ல் வெளியான ஓர் அமெரிக்க அரசு ஆய்வு, இவற்றை அடிக்கடி பயன்படுத்துகிறவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. பயன்படுத்தாதவர்களுக்கு 70 வயதுக்குள் 1.64 சதவிகிதம், அடிக்கடி பயன்படுத்துகிறவர்களுக்கு 4.05. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்கிறார்களே தவிர, இதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. இருந்தாலும் ‘நீட்டா இருக்கணும்’ என்று அடுத்தவர் பிள்ளையிடம் சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசிக்கலாம் இல்லையா?

போன மாதம் என் மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, வலது மணிக்கட்டில் சுளுக்கு. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கையில் அகலப் பல் சீப்பு. இப்போது அவளுக்கு 26 வயது.

“கண்டிஷனர் போட்டிருக்கேன். ஈரமா இருக்கும்போதே வாருங்க. உச்சியிலேர்ந்து இல்லப்பா, கீழேயிருந்து!”

நுனியில் நாலு விரல் உயரம் சிக்கு எடுத்தேன். பிறகு அதற்குச் சற்று மேலே. பிறகு இன்னும் மேலே. சீப்பு எங்கேயும் நிற்கவில்லை. அவள் ஒருமுறைகூட ‘ஆ’ என்று சொல்லவில்லை. உச்சியில் ஆரம்பித்தால் மேலே இருக்கிற சிக்கெல்லாம் கீழே போய்ச் சேர்ந்து ஒரே முடிச்சாகிவிடுமாம். அத்தனை வருஷமும் அந்த முடிச்சைப் போட்டவன் நான். பழி முடி மேல்!

ஈர முடி பலவீனமானது, மெதுவாகத்தான் கையாள வேண்டும், கண்டிஷனரின் வழுவழுப்பில்தான் சிக்கு வலிக்காமல் பிரியும் என்று சொல்லிக்கொண்டே போனாள். நேரான முடியில் தலையில் சுரக்கிற எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுனிவரை வந்துவிடும். சுருட்டையில் கொண்டை ஊசி வளைவு மாதிரி வளைவுகள். எண்ணெய் நுனிக்கு வந்து சேராது. அதனால்தான் வறட்சி. அதைக் காயவைத்து வாரினால், சேர்ந்து நிற்கிற சுருள்கள் பிரிந்து பொம்மென்று பறக்கும். நாம் அதைத் திமிர் என்கிறோம். அது தாகம்.

கரடுமுரடான துண்டால் துவட்ட வேண்டாம் என்று பழைய காட்டன் டி-ஷர்ட்டைக் கொடுத்தாள். ஒற்றி எடுத்தேன். “போதும்ப்பா, கையை எடுத்துடுங்க. இனி அதுவே சுருண்டுக்கும்.”

அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காயக் காய, ஒவ்வொன்றாகச் சுருண்டு மேலே ஏறியது. ஆற்று மணலில் தண்ணீர் விட்டுப்போகும் வரிகளை ‘அறல்’ என்பார்கள். சங்கப் புலவர்கள் கூந்தலுக்கு உவமையாகச் சொன்னது அந்த நெளிவைத்தான். நமக்கு எப்போது அது குறையாகிப் போனது?

‘திருவிளையாடல்’ படம் பார்த்திருப்பீர்கள். பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, செயற்கையாக வருவதா? பாண்டியனுக்கு வந்த சந்தேகம். அதற்கான பரிசுக்காகத்தான் நாகேஷ் அந்தப் புலம்பு புலம்புவார். சிவனுக்கும் நக்கீரருக்கும் சண்டையே வந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தோன்றியது இதுதான். சுருள் இயற்கை. ஆனால், அது அழகாக நிற்பதற்கு அவள் செலவழிக்கிற ஒரு மணி நேரம் இயற்கை இல்லை. பொறுமையாகக் கற்றுக்கொண்டது.

பிள்ளைகள் விஷயத்தில் நமக்கு இரண்டே வழிதான் தெரியும். ஒன்று, இழுத்துத் திருத்துவது. முடியாவிட்டால், ‘எப்படியோ போ’ என்று விட்டுவிடுவது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எதிரே இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டு, அதற்கு வேண்டியதைச் செய்வது. அதற்கு நேரம் ஆகும். நம் சீப்பை மாற்ற வேண்டி வரும். அதனாலேயே அதை அன்பு என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

“அன்னிக்கு உன் முடி கெட்ட முடின்னு சொன்னேன். தப்பும்மா” என்றேன்.

“முடியை மட்டுமா சொன்னீங்க?” என்றாள். சிரித்தாள்தான். ஆனாலும், 14 வருஷமாக அவள் அதை மறக்கவில்லை.

உங்கள் வீட்டில் ‘அடங்காதது’ என்று யாருக்காவது பெயர் வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கு ஒருமுறை, எந்தச் சீப்பால், எங்கிருந்து வாரிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பாருங்களேன்.