உணர்விழந்த உடலில் உயிரின் நிலை

கண் திறவாமலும் அழைத்த குரலுக்கு மறுமொழி தராமலும் கிடக்கும் ஒருவரிடத்தில் உயிர் எந்நிலையில் இருக்கிறது என்னும் வினாவுக்குச் சைவ சித்தாந்த நூல்கள் தெளிவான விடை ஒன்றை வைத்திருக்கின்றன. அவ்விடையை மீண்டும் எண்ணிப் பார்க்கும் தேவை மலேசியாவில் பேராக் மாநிலத்தின் கிந்தா மாவட்டத்துக்கு உண்டு. ஈப்போவுக்குத் தெற்கே, சுண்ணாம்புக் குன்றுகளுக்கிடையில், கேமரன் மலைக்கு ஏறும் சாலை பிரியும் இடத்திலுள்ள சிம்பாங் பூலாயும், ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்களாக விளங்கிய சுற்றூர்களும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நிப்பா வைரஸ் மனிதரிடையே பரவத் தொடங்கியதும் அதே மாவட்டத்தில், ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில்தான்.

1998 செப்டம்பரில் பண்ணைத் தொழிலாளரிடையே கடுங்காய்ச்சலும் தலைவலியும் நினைவு மயக்கமும் தோன்றியபோது, கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. அதற்குரிய தடுப்பூசி போடப்பட்டது, கொசு மருந்தும் அடிக்கப்பட்டது, ஆயினும் நோய் அடங்கவில்லை. பன்றிகள் தெற்கே கொண்டு செல்லப்பட்டதால் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்துக்கும் அது பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பின்னரே உண்மை புலப்பட்டது; அந்நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரையே வைரஸுக்கும் சூட்டினர். மலேசியாவில் 265 பேர் நோயுற்று, அவர்களுள் 105 பேர் இறந்தனர். ஏறத்தாழ 10 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. பண்ணைகளை ஒட்டி நின்ற பழமரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட கனிகளின் வழியாக வைரஸ் பன்றிகளை அடைந்தது என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு.

இந்நோயின் குறிகள் தத்துவ நோக்கில் ஆழ்ந்த கவனத்துக்கு உரியவை. கோலாலம்பூரில் சிகிச்சை பெற்ற 94 நோயாளிகளைப் பற்றி 2000-இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு, பாதிக்கு மேற்பட்டோரிடம் நினைவு குன்றியதோடு மூளைத்தண்டின் செயற்குறைவும் காணப்பட்டதாகக் கூறுகிறது. மூளைத்தண்டு என்பது மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் பகுதி. மூச்சும் விழிப்பும் அதனைச் சார்ந்தே நடைபெறுகின்றன; இதயத் துடிப்பின் வேகத்தையும் அது கட்டுப்படுத்துகிறது. தண்டுவடம் அங்கிருந்து முதுகெலும்பினுள் இறங்கி, 31 இணை நரம்புகளைக் கிளைக்கவிட்டு, மூளையின் ஏவலை உறுப்புகளுக்கும் உறுப்புகளின் உணர்வை மூளைக்கும் கடத்துகிறது. நிப்பா நோயாளிகளுட் சிலருக்கு ஆழ்ந்த மயக்கத்திலும் கழுத்து, உதரவிதானம், கைகால் ஆகியவற்றின் தசைகள் திரும்பத் திரும்ப வெட்டி இழுத்தன. மூளைத்தண்டும் கழுத்துப் பகுதித் தண்டுவடமும் பாதிக்கப்பட்டதன் அடையாளம் என்று மருத்துவர்கள் இதனை விளக்கினர். எவரும் நினையாமல், எவரும் ஏவாமல் உடல் தானே அசைகிறது. கட்டிலருகே நிற்கும் உறவினருக்கு இக்காட்சி உயிர் மீள்வதாகவும் தோன்றலாம், வேறோர் ஆவி புகுந்ததாகவும் தோன்றலாம்; இரண்டும் இல்லையெனில் அவ்வுடலில் இருப்பவர் யார் என்பதே கேள்வி.

13-ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம், நான்காம் சூத்திரங்களில் இக்கேள்விக்கு இடம் தருகிறார். ஒருவர் 'என் உடல்' என்று உடலைத் தம்மினின்றும் பிரித்துச் சொல்வதாலும், ஐம்பொறிகள் ஒவ்வொன்றும் தத்தம் புலனை மட்டுமே அறிய, அவற்றின் அறிவை எல்லாம் ஒருசேர அறிவது வேறொன்றாக இருப்பதாலும், உயிர் உடலின் வேறானது என்பது அவர் துணிபு. ஆயினும் அவ்வுயிர் தானே தனித்து அறியும் ஆற்றல் உடையதன்று. ஆணவம் என்னும் மலம், அதாவது செம்பிற் களிம்புபோல் உயிரோடு அநாதியாக ஒட்டிய மறைப்பு, அதன் அறிவைத் தடுத்து நிற்பதால், மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் உட்கருவிகளும் பொறிகளும் உதவினாலன்றி உயிருக்கு உலக அறிவு நிகழாது. இக்கருவிகள் படிப்படியாக ஒடுங்கும் ஐந்து நிலைகளை அவத்தைகள் என்பர். நனவில் புருவ நடுவில் 35 கருவிகளோடும், கனவில் கழுத்தில் 25 கருவிகளோடும் நிற்கும் உயிர், உறக்கத்தில் இதயத்திலும், பேருறக்கமாகிய துரியத்தில் உந்தியிலும், உயிர்ப்படக்கமாகிய துரியாதீதத்தில் மூலாதாரத்திலும் தங்குகிறது. கடைசி நிலையில் புருடன் என்னும் தத்துவம் ஒன்றைத் தவிர வேறு கருவி எதுவும் உடன் இல்லை. துரியத்தை மேலான அனுபவமாகக் கொள்ளும் வேதாந்தத்துக்கு மாறாக, இங்கே அது உறக்கத்தினும் கீழான மயக்கம்.

இந்த இறக்க வரிசையை உடற்கூற்றின் வரைபடமாகக் கொண்டு, மூலாதாரமே தண்டுவடத்தின் நுனி என்றும் சுழுமுனை என்னும் நடு நாடியே தண்டுவடம் என்றும் பொருத்திக் காட்டுவோர் பலர் உளர். அம்முயற்சி நூலாசிரியர்களுக்கும் நியாயம் செய்வதில்லை, மருத்துவத்துக்கும் நியாயம் செய்வதில்லை. அவர்கள் கூறியது உறுப்புகளின் இருப்பிடத்தைவிட ஆழமான ஒரு செய்தி: கருவிகள் ஏறத்தாழ அனைத்தும் ஓய்ந்த நிலையிலும் உயிர் இல்லாமற் போவதில்லை.

உலகாயதர், அதாவது உடலுக்கு வேறாக உயிர் இல்லை என்போர், மூளை பழுதுபட்டால் அறிவும் அழிவதையே சான்றாகக் காட்டுவர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் முதலில் மறுக்க எடுத்துக்கொண்டது அவர்களின் கொள்கையையே. இன்று அவ்வாதத்தின் வலிமை கூடியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. நிப்பாவிலிருந்து மீண்டோருட் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து மூளைக்காய்ச்சல் மீண்டும் வந்திருக்கிறது; நினைவாற்றலும் இயல்பும் மாறியோரும் உளர். உயிர் தானே முற்றறிவுடையது என்று கூறும் கொள்கைக்கு இவை பெருந்தடை. மெய்கண்டார் கூறும் உயிரோ சார்ந்ததன் வண்ணமாவது, அதாவது எதனைச் சார்கிறதோ அதன் தன்மையைப் பெறுவது. கருவி கெட்டால் அதன் அறிவும் மங்கும் என்பது அவர் கொள்கைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இதனால் உயிரின் இருப்பு மெய்ப்பிக்கப்பட்டது என்று கொள்ளலாகாது. நரம்பியலின் கண்டுபிடிப்புகளோடு முரணாமல் நிற்கக்கூடிய கொள்கை இது என்பதே சொல்லத் தகுவது.

இங்கிருந்து வினை என்னும் கோட்பாட்டுக்கு வரவேண்டியிருக்கிறது, ஏனெனில் பெரும் துன்பம் விளைவது அங்கேதான். பக்கவாதத்திலோ தண்டுவட முறிவிலோ மூளைக்காய்ச்சலிலோ வீழ்ந்த ஒருவரைக் காணவந்தோர், 'போன பிறவியில் என்ன பாவம் செய்தாரோ' என்று கூறிச் செல்வது தமிழ்க் குடும்பங்களில் இன்றும் ஓயாத வழக்கம். சித்தாந்தத்தின்படி வினை அறிவற்றது. செய்தவரைத் தேடிச் சென்று பயனைத் தர அதனால் இயலாது. இறைவனே அதனைக் கூட்டி நுகர்விக்கிறான், அதுவும் மலம் நீங்கும் பொருட்டு. அக்கணக்கை அறிந்தவன் அவன் ஒருவனே எனில், பார்க்க வந்தவர் அதனைப் படித்துச் சொல்லும் உரிமையை எங்கே பெற்றார்? ஆணவம் எல்லா உயிர்க்கும் பொது என்பதால், கட்டிலில் கிடப்பவரும் அருகில் நிற்பவரும் ஒரே நிலையினர். கிந்தாவில் நிகழ்ந்ததை எண்ணினால் பழமரம், பன்றிக் கொட்டில், விற்பனைக்காக நகர்ந்த மந்தை, தவறாகக் கணித்த நோய் என்று கண்ணுக்குத் தெரியும் காரணங்களே தொடர்ந்து வருகின்றன. கூலிக்குப் பன்றிகளைப் பேணியவரின் முற்பிறவியைத் துருவுவதால் இவற்றில் ஒன்றும் சீராகாது.

ஆதலால் பேராக்கின் ஆலயங்களிலும் சமய வகுப்புகளிலும் வினையைக் கற்பிப்போர், அது ஒருவர் தம் துன்பத்தைத் தாங்குவதற்குரிய கோட்பாடே அன்றிப் பிறர் துன்பத்துக்குத் தீர்ப்பு எழுதுவதற்குரியது அன்று என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். நினைவிழந்தவரைப் பார்க்கச் செல்வோர் அவர் அங்கே இருக்கிறார் என்று கொண்டு, அவரைப் பெயரோ உறவோ சொல்லி அழைத்துப் பேச வேண்டும்; அவர் காதருகே வினைப்பேச்சை எடுக்காதிருக்க வேண்டும்.