உண்ணாத உணவை அறிதல் வேண்டுமோ?

தாம் உண்ணாத உணவை, இனி உண்ணவும் கூடாத உணவை, நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டுமோ? முதற்பார்வையில் இது சிறிய வினாவாகத் தோன்றும். காட்டிலும் வயலிலும் கடலிலும் பிடித்து நம் முன்னோர் உண்ட உயிர்களைப் பற்றி, கொல்கத்தாவின் துறைமுகப் பகுதியில் வாழும் ஒரு தமிழ்ப்பிள்ளைக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது? எனினும், சற்று ஆழ்ந்து எண்ணினால் இவ்வினாவுக்குள் அறம் பற்றிய வேறு வினாக்கள் பல அடங்கியிருத்தல் புலனாகும்.

1892 ஆம் ஆண்டில் கிடர்பூர்க் கப்பல்துறை திறக்கப்பட்டது. அத்துறையையும் அதனைச் சார்ந்த தொழில்களையும் நம்பி வந்து குடியேறிய பல இனத்தாருள் தமிழரும் உளர். வந்தவர்க்கு ஊர் நினைவு இருந்தது. ஊரின் ஏரி, வயல், புற்று, புதர் ஆகியவற்றின் நினைவும் இருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ அந்நினைவு இல்லை. அவர்கள் தமிழ் படிக்கும்போது ஐந்திணையைப் படிக்கின்றனர். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவையே வைக்கின்றார். ஆகவே திணையைக் கற்பார் உணவையும் கற்றே ஆதல் வேண்டும். தேனும் தினையும் வரும் வரையில் பிள்ளைகள் மகிழ்கின்றனர். உடும்பும் ஈசலும் தவளையும் வந்தவுடன் முகம் சுளிக்கின்றனர், சிலர் நகைக்கின்றனர். கற்பிப்பவரும் அவ்விடத்தை விரைந்து கடந்து விடுவதுண்டு.

ஆனால் இலக்கியம் அவற்றை மறைக்கவில்லை. நற்றிணையின் 59 ஆம் பாட்டில் கபிலர் காட்டும் வேட்டுவன் உடும்பைக் கொன்று, மண்ணை அகழ்ந்து தவளையை எடுத்து, உயர்ந்த புற்றிலிருந்து ஈசலைக் கொண்டு, பகலில் முயலையும் வேட்டையாடி வீடு திரும்புகின்றான். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் தம் குடிலுக்கு வந்த பாணருக்கு நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியலைச் சோற்றோடு அளிக்கின்றனர். சிறுபாணாற்றுப்படையின் மருதநிலத்து உழவர் நண்டின் கலவையோடு வெண்சோறு படைக்கின்றனர். பறம்பு மலையின் வளத்தை நினைந்து கபிலர் பாடிய புறநானூற்று 119 ஆம் பாட்டில், செம்புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை மோரோடு சேர்த்துப் புளிப்பாக்கி உண்ட உணவு பேசப்படுகின்றது. பாரி இறந்தபின் அவன் நாட்டின் செழுமை நிலைக்குமோ என்று வருந்தும் புலவர்க்கு, அச்செழுமையின் அடையாளமாக ஈசலே நினைவுக்கு வருகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வுணவுகளுக்குப் பின்னால் ஒரு பெரும் அறிவு இருந்தது. ஈசலை எடுத்துக்கொள்வோம். முதல் மழை பெய்து ஓய்ந்தபின் எந்தப் புற்றிலிருந்து, எந்தப் பொழுதில் அது கிளம்பும் என்பதை அறிந்தவரே அதனைப் பெற முடியும். புற்றின் மேல் மூடாக்கிட்டு, விளக்கொளியால் ஈர்த்துப் பானையிலோ குழியிலோ விழச் செய்து, உலர்த்திப் புடைத்துச் சிறகு நீக்கி, வறுத்து அரிசியோடு சேர்த்து உண்பர். ஆண்டில் சில நாட்களே கிடைக்கும் கொழுப்பும் புரதமும் நிறைந்த உணவு அது. வயல் நண்டு சளிக்கு இரசமாயிற்று. நத்தை ஏழையின் குழம்பாயிற்று. மழை, மண், காற்று, விலங்கின் தடம் ஆகிய அனைத்தையும் கூர்ந்து நோக்கும் பயிற்சி ஒவ்வொரு கவளத்தோடும் கூடியிருந்தது.

இன்று இவற்றுட் பல மறைந்தன. வயலில் பூச்சிமருந்து பெருகியபின் நண்டும் நத்தையும் அருகின. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அச்சட்டத்தின் பட்டியல்கள் மாற்றியமைக்கப்பட்டன. உடும்பும் கடலாமைகளும் முதற்பட்டியலில் உள்ளவை. அவற்றை வேட்டையாடியவர்க்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. காடு சுருங்கி மக்கள் பெருகிய காலத்தில் இச்சட்டம் இன்றியமையாததாயிற்று.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். உண்ணக் கூடாததாகிவிட்ட பின் அதனை அறிவதால் யாது பயன் என்பது முதல் மறுப்பு. திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்திருக்க, வேட்டையுணவை இளைஞர்க்கு நினைவூட்டுவது முறையோ என்பது இரண்டாம் மறுப்பு. இரண்டும் தள்ளத்தக்கன அல்ல.

இரண்டாம் மறுப்பை முதலில் நோக்குவோம். புலால் மறுத்தவர் நம்மில் பலர் உளர். அவர் அறம் போற்றத்தக்கதே. ஆயினும் ஒன்றைத் துறத்தல் வேறு. அதனை உண்டவரை இழித்தல் வேறு. கொல்லாமையைக் கூறும் அதிகாரத்திலேயே வள்ளுவர் உணவைப் பிறரோடு பங்கிடுதலையும் உயிர்களைப் பேணுதலையும் ஒருங்கே வைத்துப் பேசுகின்றார். நடுவே உள்ள மனிதனை மறந்துவிட்டு உயிரிரக்கத்தை மட்டும் பற்றிக்கொள்ள அவர் வழிகாட்டவில்லை. சங்கப் பாட்டில் உடும்பைப் படைத்த எயினரின் விருந்தோம்பலை மேடையில் புகழ்கின்றோம். இன்று வயல் எலியைப் பிடித்து உண்ணும் ஏழையைக் கண்டால் மூக்கைப் பொத்துகின்றோம். ஈராயிரம் ஆண்டு கடந்த வறுமைக்குப் பெருமையும் இன்றைய வறுமைக்கு இகழ்ச்சியும் அளிப்பது நேர்மையாகுமோ? இவ்வருவருப்பின் பின்னே பெரும்பாலும் சாதி ஒளிந்திருக்கின்றது. ‘இதை உண்பவர் இன்னார்’ என்று சொல்லி மனிதரை வகைப்படுத்திய பழக்கத்தை நாம் ஊரிலிருந்து கொண்டு வந்த மூட்டையில் இன்னும் அவிழ்க்காமல் வைத்திருக்கின்றோம்.

இருளர் வரலாறு இதற்குத் தக்க சான்று. வடதமிழகத்தில் வாழும் இப்பழங்குடியினர் பாம்பையும் எலியையும் பிடிப்பதில் வல்லவர். நெல்வயலின் எலிவளையைத் தோண்டி எலியை எடுப்பதோடு, அது சேர்த்து வைத்த நெல்மணியையும் மீட்பர். அதனால் உழவர்க்கும் நன்மை விளைந்தது. பாம்புத்தோல் வணிகம் அவர்கள் பிழைப்புக்கு ஒரு வழியாக இருந்தது. 1972 ஆம் ஆண்டுச் சட்டமும், 1976 இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவ்வழியை அடைத்தன. காட்டைக் காக்க வந்த சட்டம் காட்டை அறிந்தவரையே பட்டினியில் நிறுத்தியது. 1978 இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடும் தொழில் பிறந்தது. இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி இவர்களிடமிருந்து வந்துள்ளது. 2017 இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவர் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்குச் சென்று, அங்கே பெருகிப்போன பர்மா மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினர். 2023 இல் இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

முதல் மறுப்புக்கு விடை இவ்வரலாற்றிலேயே உள்ளது. இரைக்காகவும் பிழைப்புக்காகவும் வளர்ந்த அறிவு உயிர் காக்கும் அறிவாக மாறிற்று. பயன் மாறினும் அறிவு பழுதுபடவில்லை. சென்னைக் கடற்கரையிலும் இதனைக் காணலாம். ஆமை முட்டையிட வரும் காலத்தில், மணலில் பதிந்த தடத்தைக் கண்டு முட்டையிருக்கும் இடத்தை அறிந்து தோண்டி எடுப்பது கடலோர மக்களுள் சிலர் கைக்கொண்ட வழக்கமாக இருந்தது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த இளைஞர்கள் இரவில் அக்கரையில் நடக்கின்றனர். அவர்கள் தேடுவதும் அதே தடத்தைத்தான். எடுப்பதும் அதே முட்டைகளைத்தான். ஆனால் அவற்றைக் காப்பிடத்தில் புதைத்து, வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். தடத்தை அறியாதவன் ஆமையை உண்ணவும் இயலாது; காக்கவும் இயலாது.

உலகின் வேறு பகுதிகளிலும் இச்சிக்கல் உண்டு. வடதுருவத்தை அடுத்த பனிநிலத்தில் வாழும் இனுயிட் மக்களுக்குக் கடல்நாயும் திமிங்கிலமும் வழிவழி உணவு. 2009 இல் ஐரோப்பிய ஒன்றியம் கடல்நாய்ப் பொருள் வணிகத்தைத் தடை செய்தபோது, இனுயிட் மக்களின் பிழைப்பு வேட்டைக்கு விலக்கு அளித்தது. பயிர் விளையாத நிலத்தில் வாழ்பவர்க்கு அவ்விலக்கு நியாயமே. அந்நியாயத்தைக் காட்டி நாம் உடும்புக்கு உரிமை கோர இயலாது. அரிசியும் பருப்பும் மீனும் காயும் நிறைந்த சந்தை கிடர்பூரில் நம் வாயிலருகே உள்ளது. தேவை இல்லாதவன் மரபின் பெயரால் கொல்லுதல் மரபுக்கே இழுக்கு. உடும்பிறைச்சி வலிமை தரும் என்ற வதந்தியை நம்பி, ஊருக்குச் சென்றபோது இரகசியமாக விலை கொடுத்து வாங்குபவர் சங்கப் பாட்டைத் துணைக்கு அழைத்தல் தகாது. எயினர் பசிக்கு வேட்டையாடினர்; இவர் வீம்புக்கு வாங்குகின்றனர்.

ஆகவே அருவருப்பு ஒரு தவறு. வீண்பெருமை மற்றொரு தவறு. இவ்விரண்டுக்கும் நடுவே அளவறிதல் என்னும் அறம் நிற்கின்றது. அதனை நாம் வாழும் இவ்வங்க மண்ணிலேயே கற்கலாம். வங்காளியர் உயிரினும் மேலாக விரும்பும் இலிஷ் மீன் ஆற்றிலும் கடலிலும் தானே வளரும் காட்டுணவே அன்றோ? கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல, துர்க்கை பூசை, இலக்குமி பூசைக் காலம் முதல் சரசுவதி பூசை வரையில் அதனை உண்ணாமல் நிறுத்தி வைக்கும் வழக்கமுடையன. 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிப்பதையும் விற்பதையும் மேற்கு வங்க அரசு தடுத்துள்ளது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை; இத்தடை தமிழ்நாட்டுக்கும் வங்கத்துக்கும் பொது. நம் வேடந்தாங்கல் மக்களோ, 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தம் ஏரிப்பறவைகளைப் பிறர் சுடாதவாறு காக்க ஆங்கில அதிகாரியிடம் முறையிட்டு ஆணை பெற்றவர்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். உண்பதில் கிடைக்கும் பயனைவிட விட்டுவைப்பதில் கிடைக்கும் பயன் பெரிது என்று கண்ட அறிவு அது.

சிறிய மீனைச் சந்தையில் கண்டு வாங்காமல் திரும்பும் இளைஞன், முட்டையிடும் காலத்தில் விலங்கைத் தொடாதிருந்த ஒரு மூதாதையின் வழியில் நடக்கின்றான். குக்லி என்னும் சிறு நத்தையைக் கூடையில் வைத்து விற்கும் வங்கத்து ஏழைப் பெண்ணைக் கண்டு முகம் சுளிக்காமல் ‘எந்தக் குளத்தில் கிடைத்தது, அம்மா?’ என்று கேட்கும் பெண்பிள்ளை, தன் பாட்டியின் ஊரை அவ்வினாவில் தொட்டுவிடுகின்றாள். இவ்விருவர்க்கும் வேட்டை தெரிய வேண்டுவதில்லை. உணவுக்குப் பின்னால் ஓர் உயிரும் ஓர் உழைப்பும் ஒரு பருவமும் உண்டென்பது தெரிந்தால் போதும்.

பெற்றோரும் முதியோரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போதோ, இங்கே மாலைப்பொழுதில் அமர்ந்திருக்கும்போதோ, பிள்ளைகள் மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்குவோம். எவற்றை உண்டீர்கள் என்பது முதல் வினா. அதற்கு விடையாக மண்ணின் வளம் வெளிப்படும். அவற்றைப் பிடித்துத் தந்தவர் யார் என்பது இரண்டாம் வினா. அதற்கு விடை சொல்லும்போது, நம் அடுக்களைக்கு உணவு தந்தும் நம் திண்ணையில் அமர இடம் பெறாத மனிதர் வெளிப்படுவர். எப்போது பிடிக்காமல் விட்டீர்கள் என்பது மூன்றாம் வினா. இம்மூன்றனுள் கடைசி வினாவே தலையாயது. அதற்கு விடை சொல்லத் தெரிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் சொல்லும் விடையை எழுதி வைத்தல் இச்சங்கத்து இளைஞர் இப்போதே மேற்கொள்ளத்தக்க பணி.