பள்ளியைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு

  

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நாம் தொழுகிற இடத்தையும் பள்ளி என்கிறோம், பிள்ளைகள் படிக்கிற இடத்தையும் பள்ளி என்கிறோம். பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றவர் அந்த வாடையோடு நம் பள்ளிக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை புகாரியிலும் முஸ்லிமிலும் பார்க்கிறோம். மனிதர்களுக்குத் தொல்லை தருவது மலக்குமார்களுக்கும் தொல்லை தரும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பூண்டு ஹலாலான உணவு. அதன் வாடைக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் பீடி, சிகரெட் புகையை என்ன சொல்வது? தொழுகிற பள்ளிக்குள் பீடி பற்ற வைக்க நம்மில் யாருக்கும் துணிவு வராது. படிக்கிற பள்ளிக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லாமல் போனது?

சட்டம் அந்த மரியாதையைக் கேட்கிறது. 2003-ஆம் ஆண்டு புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜ தூரத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் எதையும் விற்கக் கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு எங்கேயும் விற்கக் கூடாது. அந்த எல்லை தெரிவதற்காகத்தான் பள்ளிகளுக்கு வெளியே சாலையில் மஞ்சள் கோடு போடச் சொல்கிறார்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் கடுமையானது. குழந்தை கையில் புகையிலையைக் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தச் சட்டங்களை நடைமுறைப்படுத்த வேண்டிய மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நம் வேங்கிக்காலிலேயே இருக்கிறது. நாம் தூரத்து ஊர்க்காரர்கள் அல்ல, தெரியாது என்று சொல்ல.

பிள்ளைகளின் நிலை என்ன? 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களிடம் 2019-இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில், நூற்றுக்கு எட்டரை பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரிய வந்தது. 40 பேர் உட்காரும் வகுப்பில் மூன்று நான்கு பேர். இப்போது புகை கூட வேண்டியதில்லை. கூல் லிப் என்று உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கிற சின்னப் பொட்டலம் வந்துவிட்டது. மாணவர்கள் அதற்கு அடிமையாவதைப் பார்த்து 2024 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலை தெரிவித்து, இதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. வாயில் நாற்றமில்லை, கையில் கறையில்லை. வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே பையன் அதை உதட்டுக்குள் வைத்திருப்பான். உம்மாவுக்கு எப்படித் தெரியும்?

இங்கே சிலர் மசாயில் கேட்பார்கள்: "ஹஜ்ரத், சிகரெட் ஹராமா, மக்ரூஹா?" புகையிலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, ஹிஜ்ரி ஆயிரத்தை ஒட்டித்தான் முஸ்லிம் நாடுகளுக்குள் நுழைந்தது. அன்றைய உலமாக்களுக்கு அதன் தீங்கு முழுதாகத் தெரியவில்லை. அதனால் கருத்து வேறுபட்டது. இன்று பாக்கெட்டின் மேலேயே புற்றுநோய்ப் படம் அச்சடித்து விற்கிறார்கள். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் சூரா அல்பகராவின் 195-ஆம் வசனம் இருக்கிறது. மக்ரூஹ் என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுகிறவரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: உங்கள் மகன் பற்ற வைத்தால் அதை மக்ரூஹ் என்று விட்டுவிடுவீர்களா?

வாப்பாமார்களே! "பாய் கடையில வாப்பா ஒரு சிகரெட் வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று கடைக்குப் போகிற பிள்ளைதான் முதல் சிகரெட்டைக் கையில் தொடுகிறது. அனுப்புகிறவர் நீங்கள். கடைக்காரர்களே! உங்கள் சங்கடம் எனக்குத் தெரியும். சிகரெட்டுக்கு வருகிறவன்தான் டீயும் வடையும் வாங்குகிறான். பௌர்ணமிக் கூட்டத்தில் யார் எந்த வயது என்று பார்க்க நேரமிருக்காது. ஆனால் பள்ளிச் சீருடையோடு வருகிற பையனைப் பார்க்கத் தனிக் கண் வேண்டுமா? மாலையில் உங்களுக்கு ஒத்தாசையாகக் கடையில் உட்காரும் உங்கள் சொந்தப் பிள்ளையும் 18 ஆகும் வரை அந்தப் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பதுதான் விதி. செல்வத்தை எங்கிருந்து சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் மறுமையில் கால் நகராது என்று திர்மிதியில் வரும் ஹதீஸ் விற்பவருக்கும் உண்டு, வாங்குபவருக்கும் உண்டு.

இனி, பிடிபட்ட பையனை என்ன செய்வது? இதைத்தான் நான் இன்று அதிகம் பேச நினைத்தேன். பள்ளியில் டி.சி. கொடுக்கிறார்கள், வீட்டில் பெல்ட்டை எடுக்கிறார்கள். 1633-இல் உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் புகைப்பவருக்கு மரண தண்டனை என்றே அறிவித்தார், நிறைவேற்றவும் செய்தார். இஸ்தான்புல் புகையை விட்டதா? விடவில்லை. பயம் ஒளிந்து குடிக்கத்தான் கற்றுக்கொடுக்கும். டி.சி. வாங்கிய பையன் அடுத்த வாரம் பட்டறையிலோ லாரியிலோ வேலைக்குச் சேருவான். அங்கே அவனைத் தடுக்க ஆளே இல்லை.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் மது அருந்திவிட்டுப் பலமுறை கொண்டுவரப்பட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. கூட்டத்தில் ஒருவர் சலித்துப் போய் அவரைச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் சபிக்க வேண்டாம் என்று தடுத்து, இவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. தண்டனை இருந்தது, ஆனால் அவரை ஜமாஅத்திலிருந்து தள்ளவில்லை. இன்னொரு அறிவிப்பில், உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற பொருளில் சொன்னார்கள். மீண்டும் மீண்டும் தவறுகிறவரிடம் அவர்கள் காட்டிய வழி இது. நிக்கோடினை விடுகிறவனும் மீண்டும் மீண்டும்தான் தவறுவான். முதல் சில நாட்கள் எரிச்சல், தூக்கமின்மை, படிப்பில் கவனமின்மை எல்லாம் வரும். அதைத் திமிர் என்று எண்ணி அடிக்காதீர்கள். ஆசை எழும்போது சில நிமிடங்கள் தாண்டினால் தணியும். தண்ணீர் குடிக்கட்டும், ஒளூ செய்யட்டும், விளையாட ஓடட்டும். ரமலானில் பகல் முழுவதும் விட முடிகிறவர்தான், இஃப்தாரில் பேரீச்சம்பழத்தை விழுங்கியதும் வெளியே ஓடுகிறார். முடியாது என்பது பொய் என்று நம் வீட்டுப் பெரியவர்களே நிரூபிக்கிறார்கள். அவர்கள் மகனோடு சேர்ந்து விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் சகோதர சகோதரிகள் அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். மஞ்சள் கோடு இருக்கிறதா? புகையிலைக் கண்காணிப்பாளராக ஆசிரியர் ஒருவரும், 9-ஆம் வகுப்புக்கு மேல் மாணவர் ஒருவரும் நியமிக்கப்பட்டிருக்கிறார்களா? பிடிபட்ட மாணவனை வெளியேற்றாமல் ஆலோசனைக்கு அனுப்ப ஏற்பாடு உண்டா? விட விரும்புகிறவர்களுக்கு மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800-11-2356. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும் எண்தான், இதுவரை படித்திருக்க மாட்டீர்கள்.

யா அல்லாஹ்! இந்தப் பழக்கத்தில் சிக்கிய எங்கள் பிள்ளைகளை மீட்டுத் தருவாயாக! அவர்களோடு பொறுமையாக நிற்கும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.